செய்தி மடலா, தீர்மான நகலா?

கேள்வி: சேலம் மாநகராட்சிக்குச் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் எதையும் நிலுவை வைக்காமல் கட்டி வருகிறோம். ஆனால் மாநகராட்சியில் என்ன நடக்கிறது, எங்கள் கோட்டத்துக்கு (வார்டுக்கு) என்ன வேலை வந்தது என்று எங்களுக்குச் சொல்வார் இல்லை. மாநகராட்சியே மாதம் ஒரு செய்தி மடல் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வலியுறுத்துமா?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: வலியுறுத்தாது. அப்படியொரு மடல் வந்தால் அதில் என்ன இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். முதல் பக்கத்தில் பூமி பூஜை, இரண்டாம் பக்கத்தில் பொன்னாடை, மூன்றாம் பக்கத்தில் ஏதோவொரு முகாமைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கும் படம், கடைசிப் பக்கத்தில் வரியை உரிய காலத்தில் செலுத்தி ஒத்துழைக்குமாறு உங்களுக்கே ஒரு வேண்டுகோள். உள்ளூர்ச் செய்தி என்ற பெயரில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களும் கோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களும் இவற்றைத்தான் நாள் தவறாமல் தந்துகொண்டிருக்கின்றன. அதையே வழவழப்பான தாளில் மறுபடியும் அச்சிட்டுத் தருவதற்கு உங்கள் வரிப்பணம் ஏன் செலவாக வேண்டும்?

பயனுள்ள சில குறிப்புகள் அத்தகைய மடலில் இடம்பெறக்கூடும் என்பதை மறுக்கவில்லை. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு என்பதும், பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் பதிவுக் கட்டணம் இல்லை என்பதும் இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது. ஆனால் இவை மாதாமாதம் மாறுகிற செய்திகள் அல்ல. வரி வசூல் மையத்தின் வாசலிலும் மகப்பேறு மருத்துவமனையிலும் ஆளுக்கொரு பலகை வைத்தால் தீர்ந்தது.

குடிநீரும் அப்படித்தான். 1911-இல் வெட்டப்பட்ட பனமரத்துப்பட்டி ஏரியை நம்பியிருந்த இந்த ஊர், இன்று மேட்டூரிலிருந்து குழாய்வழி வரும் காவிரி நீரை நம்பியிருக்கிறது. அங்கே மின்தடை என்றாலும், வழியில் பிரதான குழாய் உடைந்தாலும், உங்கள் தெருவின் முறை தள்ளிப்போகும். தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறந்துவிடப்படும், தள்ளிப்போனால் அடுத்து எப்போது என்ற விவரம் வால்வு திறந்துவிடும் பணியாளர் ஒருவரின் கைப்பேசியில் மட்டும் இருக்கிற வரையில், சென்ற மாதம் அச்சான மடலை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு குடம் தண்ணீரும் பிடிக்க முடியாது. மேல்நிலைத் தொட்டியின் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி அன்றன்று திருத்தினாலே அதைவிட மேலான செய்தி அது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. மாமன்றக் கூட்டத்துக்குமுன் உறுப்பினர்களுக்குத் தைத்துக் கொடுக்கப்படும் கூட்டப் பொருள் கட்டும் (விவாதத்துக்கு வரும் விஷயங்களின் தொகுப்பு), கூட்டம் முடிந்தபின் எழுதப்படும் தீர்மான நகலும்தான் மாநகராட்சியின் உண்மையான செய்தித்தாள். அவற்றில் படம் இருக்காது. நடையும் படிக்கச் சுகமாக இருக்காது. ஆனால் எந்தக் கோட்டம், எந்தத் தெரு, வேலை சாக்கடையா சிறுபாலமா, மதிப்பீடு எவ்வளவு, பணம் பொது நிதியிலிருந்தா அரசு மானியத்திலிருந்தா, ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவர்கள் எத்தனை பேர், ஏற்கப்பட்ட புள்ளி மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதெல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். ஒரே ஒருவர் மட்டும் புள்ளி கொடுத்திருக்கிறார் என்றால் அதுவும் அங்கேதான் தெரியும். ‘அவசர அவசியம் கருதி’ என்று தொடங்கி மன்றத்தின் பின்னேற்பை, அதாவது நடந்து முடிந்ததற்கான ஒப்புதலைக் கோரி முடிகிற கூட்டப் பொருள் ஒன்று கண்ணில் பட்டால், அந்த வேலை முன்பே நடந்துவிட்டது, உறுப்பினர்களிடம் இப்போது கையொப்பம்தான் கேட்கப்படுகிறது என்று பொருள். உங்கள் கோட்டத்துக்கு என்ன வந்தது என்ற கேள்விக்கான விடை இத்தாள்களில்தான் இருக்கிறது.

1866-இல் நகராட்சியாகி, 1917-இல் இராஜாஜியைத் தலைவராகப் பெற்று, 1994-இல் மாநகராட்சியான ஊர் இது. மேடையேறுகிறவர்கள் எல்லாரும் இந்தப் பெருமையைச் சொல்லாமல் இறங்குவதில்லை. தீர்மான நகல் வேண்டும் என்று அந்த மேடைக்குக் கீழிருந்து ஒரு குரல் எழுந்ததாகத் தெரியவில்லை. கேட்காமல் இருந்ததன் விலை சிறியது அல்ல. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலரே மன்றமாகவும் இருந்தார். சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது அந்த 2016 செப்டம்பரில், அதாவது மன்றம் கலைவதற்கு ஒரு மாதம் முன்பு. அதன் வேலைகளைத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்து நடத்தினார்கள். பழைய பேருந்து நிலையத்தை இடித்துவிட்டு ஈரடுக்காகக் கட்டுவது போன்ற, ஊரின் நடுப்பகுதியையே மாற்றுகிற வேலைகள், அறுபது கோட்டத்தில் ஒரு கோட்டத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத நாட்களில் தொடங்கி நடந்தன. அந்த நிலையம் 2023-இல் திறக்கப்பட்ட செய்தி எல்லாருக்கும் தெரியும். அதன் கடைகள் எந்த நிபந்தனையில், எவ்வளவு வாடகைக்கு ஏலம் போயின என்பதை அந்த வழியாகத் தினமும் பேருந்து ஏறுகிறவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கட்டடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு.

இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு, 2022-இல் வந்த விதிகளின்படி, கோட்டத்துக்கு ஒரு வார்டு குழுவும் கோட்டத்துக்குள் பகுதி சபாக்களும் உண்டு. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993-இலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பதால், இது காலம் கடந்து கொடுத்த கடனே தவிர சலுகை அல்ல. பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் பகுதி சபாவின் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். எந்த வேலைக்கு முன்னுரிமை, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எங்கே தண்ணீர் எட்டவில்லை என்று சொல்வதற்கான சட்டப்படியான இடம் அதுதான். ஏற்காடு மலைக் கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபை எந்தெந்த நாளில் கூடும் என்பது மனப்பாடம். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என்று வரிசையாகச் சொல்வார். மலையடிவாரத்தில், மாநகரில், பட்டம் பெற்றவர்கள் நிறைந்த குடியிருப்புகளில், தங்கள் பகுதி சபாவின் எல்லை எந்தத் தெருவோடு முடிகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். குறையென்று வந்தால் கவுன்சிலர் வீட்டுக்குத் தனியாகப் போய்க் காதோடு சொல்லிவிட்டு வருவதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படிச் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சபாவில் சொன்னது ஏற வேண்டும்.

தாள்கள் தானாக உங்களிடம் வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இத்தகைய விவரங்களைக் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. வெளியிடவில்லையானால் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். நகல் கேட்பதோடு நிறுத்தவும் வேண்டாம். ஆவணத்தை மட்டுமல்ல, நடக்கிற வேலையையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றுடன் பெறவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் தெருச் சாக்கடைக்கான அளவுப் புத்தகத்தை, அதாவது செய்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏட்டைப் பார்வையிடக் கேட்டு, அதில் எழுதியிருக்கும் நீளத்தையும் ஆழத்தையும் ஒரு நாடாவால் தெருவிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

மனுவின் முதல் கேள்வியாக இதை எழுதுங்கள்: எங்கள் பகுதி சபா கடைசியாகக் கூடியது எந்த நாளில், எந்த இடத்தில், வருகைப் பதிவேட்டில் எத்தனை கையொப்பங்கள், அன்று வைக்கப்பட்ட கோரிக்கைகளின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? வருகிற பதிலின் நகலை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வரியும் குறைக்காமல் இந்தப் பக்கத்தில் அச்சிடுகிறோம்.

— ஆசிரியர்