அக்காவின் போனை எடுங்கள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் வைத்து, ஆறு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துவந்தேன். ஆர்டர் நின்றது. வட்டி கட்ட முடியாமல் ஆடி மாதம் மெஷின்களை விற்றேன். இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அவிநாசியில் இருக்கும் அக்கா தினமும் கூப்பிடுகிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் எடுப்பதில்லை. தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. என்னைவிடப் பெரிய அடி வாங்கியவர்கள் எல்லாம் எழுந்து நிற்கிறார்கள். மன உறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தூக்கத்திலேயே போய்விட்டால் தேவலை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். முதலில் அதைப் பேசிவிடுவோம். தூக்கம் கெடுவதும், எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் இரண்டு வாரம் தாண்டி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருப்பவரை எழுப்புங்கள். 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, மன உறுதிக்கு வருகிறேன். எழுந்து நின்றவர்களுக்கு உள்ளே ஏதோ இரும்பு இருக்கிறது, நமக்கு அது இல்லை என்று நினைக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒன்று. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் இருவர் நாற்பது வயதுவரை கவனித்துவந்தார்கள். வறுமை, குடி, ஓயாத வீட்டுச் சண்டை என்று எல்லாக் கஷ்டமும் சேர்ந்து அமைந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, தன்னை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, யாரோ ஒருவர். இளவயதில் தடம் மாறிப்போன பலரும் முப்பது, நாற்பது வயதில் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். நாம் உறுதி என்று சொல்வதில் பாதி வெளியில், இன்னொருவரிடம் இருக்கிறது.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் மனச்சோர்வைக் 'குஃபுங்கிசிசா' என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் வீடுகளிலும் 'எந்நேரமும் யோசனையாவே இருக்கான்' என்றுதானே சொல்கிறோம்? டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வர பஸ் காசு இல்லாமல் ஒரு பெண் உயிரை மாய்த்துக்கொண்டபின், 2006-இல் ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டி கேட்பாள். எல்லாப் பிரச்சினையையும் சொல்லவிட்டு, அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வாள். அந்த ஒன்றுக்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. 573 பேரிடம் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு மிச்சமிருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 50 சதவீதம்.

என் தம்பி இறந்த வருஷம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். தைரியமாக இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடைவரைக்கும் வா, டீ குடிக்கலாம் என்பார். இருநூறு அடி தூரம்தான். பல நாள் அந்த இருநூறு அடிக்காக மட்டுமே சட்டையை மாட்டியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கிறார். நீங்கள் எடுக்காமல் விட்டும் அக்கா தினமும் கூப்பிடுகிறார். அவரிடம் கடன் கணக்கை ஒப்பிக்க வேண்டியதில்லை. 'தூக்கமே வரலைக்கா' என்று மட்டும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லுங்கள், அவிநாசி பக்கம்தானே. கடனில் எந்த ஒன்றை முதலில் பேசித் தீர்ப்பது என்பதை, நாலு நாள் நன்றாகத் தூங்கியபின் அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

போய்வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.