வண்டியில் வாங்கிய குஞ்சுகள் ஏன் பிழைக்கவில்லை?

கேள்வி: தெருவில் வண்டியில் வந்தவரிடம் ‘நாட்டுக்கோழிக் குஞ்சு’ என்று நம்பி இருபது வாங்கினேன். பத்து நாளில் ஐந்துதான் மிச்சம். மறுபடி வாங்கலாமா? வருஷம் முழுக்க எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: வாங்கலாம், வண்டியில் வேண்டாம். அப்படி வருபவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துக்கட்டிய சேவல் குஞ்சுகள். பச்சை, ரோஸ் என்று சாயம் பூசியிருந்தால் சந்தேகமே இல்லை.

ஆனால் இத்தனை குஞ்சுகள் சாக இனம் மட்டும் காரணமாக இருக்காது. முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சூட்டுக்காகப் போட்ட பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். வாயைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும். பழைய குண்டு பல்பைத் தேடிப் பிடியுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் ஒரு மாதக் குஞ்சாக வாங்குங்கள். விலை கூடத்தான், செத்ததையும் கணக்கில் சேர்த்தால் அதுவே மலிவு. வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயைத் தடுக்கும் லசோட்டா சொட்டு மருந்து போட்டாயிற்றா, என்றைக்கு என்று கேளுங்கள். முழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்து கிடையாது, தடுப்பூசிதான். முதல் வாரம் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். அதனால் அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு பங்கு போட்டு வாங்குங்கள், ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரி வாக்கில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். வெயில் ஏறுமுன் அதைப் பிடித்துவிடுங்கள்.

கோடையில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும். தீனியைக் காலையிலும் சாயங்காலமும் வையுங்கள். மழைக்காலம்தான் பாடு. கூண்டில் போட்ட உமியை அள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம்; இரத்தக்கழிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கும். நனைந்ததை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போடுங்கள். கொசு பெருகினால் அம்மையும் வரும். அதற்கும் தடுப்பூசி உண்டு.

மார்கழி வாக்கில் பகல் குறைந்து முட்டையும் குறையும். சிறகு உதிர்க்கும் கோழியும் முட்டையை நிறுத்திவிடும். உடனே கடைக்காரர் ஒரு டானிக்கை நீட்டுவார். வேண்டாம், அந்தக் காசுக்குக் கொஞ்சம் கிளிஞ்சல் தூள் வாங்கித் தீனியில் கலந்தால் ஓடாவது கெட்டியாக வரும்.

மிச்சமிருக்கும் அந்த ஐந்தையும் புதுக் குஞ்சுகளோடு விடாதீர்கள். மூன்று வாரமாவது வேறு கூண்டு, வேறு தண்ணீர்த் தட்டு.