பக்கவாதத்தில் சிடி பெர்ஃப்யூஷன்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சாதாரண சிடியில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகும் சாயமருந்து போட்டு இன்னொரு ஸ்கேன், அதாவது சிடி பெர்ஃப்யூஷன், எதற்கு டாக்டர்?

பதில்: மூளைக்குள் ரத்தம் ஓடுவதை அளந்து, எந்தப் பகுதி செத்துவிட்டது, எது இன்னும் உயிருக்குத் தவிக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான். 100 கிராம் மூளைத்திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் ஓட வேண்டும். 20க்குக் கீழே போனால் வேலை நின்றுவிடும். 10க்குக் கீழே செல்கள் சாகத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் பெனம்ப்ரா, நாம் காப்பாற்றக்கூடிய பகுதி. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இந்த ஸ்கேனுக்காகத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: நான் சிடி டெக்னீஷியன். எவ்வளவு மருந்து, என்ன வேகம் சார்? பிங்க் கேனுலா போதுமா?

பதில்: மில்லிக்கு 350 அல்லது 370 மில்லிகிராம் அயோடின் உள்ள சாயமருந்து 40 மில்லி, விநாடிக்கு 5 மில்லி. பின்னாலேயே அதே வேகத்தில் 40 மில்லி சலைன். பச்சை கேனுலா, அதாவது 18 கேஜ், நல்லது. முழங்கை மடிப்பில் நல்ல சிரை கிடைத்தால் பிங்க்கும் தாங்கும், நீலம் வேண்டாம். வலது கையில் போடுங்கள். இடது கைச் சிரை மார்பெலும்புக்குப் பின்னால் குறுக்கே நீண்டு போகிறது, அங்கே மருந்து தேங்கிவிடலாம். 80 கேவி (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) வைத்து எடுங்கள்: அயோடின் பளிச்சென்று தெரியும், கதிர்வீச்சும் குறையும். தலையைப் பட்டை போட்டுக் கட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் மூளையின் இரண்டு பக்கமும் சிவப்பு காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: நிறத்தைப் பார்க்கும் முன், தமனியிலும் சிரையிலும் மருந்து ஏறி இறங்குவதைக் காட்டும் வளைகோட்டைப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தமனிக் கோடு கூர்மையாக ஏறி இறங்க வேண்டும். சிரைக் கோடு சற்றுத் தாமதமாக, அதைவிட உயரமாக எழ வேண்டும். சிரைக் கோடு அடிமட்டத்துக்கு இறங்கும் முன்பே ஸ்கேன் முடிந்திருந்தால் ரத்தக் கொள்ளளவு குறைவாகக் கணக்காகும். இதயம் பலவீனமானவர்களிடமும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) உள்ளவர்களிடமும் மருந்து மெதுவாகத்தான் மூளைக்கு வந்து சேரும். அவர்களுக்கு 60 விநாடி ஸ்கேன் போதாது, 90 வரை நீட்டுங்கள். தலை அசைந்திருந்தாலும் வரைபடம் பொய் சொல்லும். கழுத்துக் கரோட்டிட் தமனி பல காலமாகச் சுருங்கியிருந்தால் அந்தப் பக்கம் முழுக்கவே டிமேக்ஸ் (மருந்து திசுவுக்கு வந்து சேரும் தாமதம்) நீளும். அது புதுப் பக்கவாதம் அல்ல. ஆஞ்சியோவை, அதாவது ரத்தக்குழாய்ப் படத்தை, பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: ஆறு மணி நேரம் தாண்டி வந்தால் ரத்தக்கட்டியை எடுக்க எந்த எண்களைப் பார்ப்பது?

பதில்: 2018இல் வந்த டிஃபியூஸ் 3 ஆய்வு, 6 முதல் 16 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு வைத்த அளவு: கோர் (செத்துவிட்டதாகக் கணக்கிடப்படும் பகுதி) 70 மில்லிக்குள், ஆபத்தில் இருக்கும் மொத்தப் பகுதிக்கும் கோருக்கும் உள்ள விகிதம் 1.8 அல்லது அதற்கு மேல், இரண்டின் வித்தியாசம் குறைந்தது 15 மில்லி. கோர் என்பது எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிட்டால் ரத்த ஓட்டம் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடம். டிமேக்ஸ் 6 விநாடியைத் தாண்டியது ஆபத்தில் இருக்கும் மொத்தப் பகுதி. 70ஐத் தாண்டினால் கதவு மூடிவிட்டது என்று இன்று சொல்ல முடியாது. பெரிய கோர் உள்ளவர்களுக்கும் பலன் இருப்பதை 2022, 2023 ஆய்வுகள் காட்டின.

கேள்வி: பக்கவாதம் வந்த ஒரு மணி நேரத்தில் எடுத்த ஸ்கேனில் கோர் பெரிதாக இருந்தது. கட்டியை எடுத்த மறுநாள் எம்ஆர்ஐயில் சிறிதாக இருக்கிறதே மேடம்?

பதில்: சீக்கிரம் எடுத்த படத்தில் இது நடக்கும். ரத்த ஓட்டம் அந்த நொடியில் குறைந்திருந்ததே தவிர, திசு இன்னும் சாகவில்லை. அந்த எண்ணைக் காட்டிச் சிகிச்சையை மறுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பெர்ஃப்யூஷன் நார்மல் என்றால் பக்கவாதம் இல்லையா?

பதில்: அப்படியில்லை. மூளையின் ஆழத்து நுண்குழாய்களில் வரும் சிறிய லாக்குனார் அடைப்பும் மூளைத்தண்டு அடைப்பும் இதில் எளிதாகத் தப்பிவிடும். கை கால் விழுந்திருந்தால் எம்ஆர்ஐ எடுங்கள்.