சேவ் அமுக்கினால் சும்மா நிற்கிறதா?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் பதிகிற வெப் அப்ளிகேஷன் ஒன்றை நானே எழுதினேனுங்க. நூல், நிட்டிங், டையிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று ஏழு டேப், எல்லாம் ஒரே ஃபார்முக்குள். மெர்ச்சண்டைசர் பேக்கிங் டேப்பில் நின்று சேவ் அமுக்கினால் சில நேரம் ஒன்றுமே ஆவதில்லை, எரர்கூட வருவதில்லை. திட்டு மட்டும் எனக்கு வருகிறது. ஏனுங்க இப்படி?
– திருப்பூர் வாசகர்

பதில்: நிட்டிங் டேப்பில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம்), டயா (விட்டம்) மாதிரி ஏதோ ஒரு கட்டத்துக்கு 'ரெக்வயர்ட்', அதாவது கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று போட்டிருப்பீர்கள், அது காலியாக இருந்திருக்கும். பிரவுசர் அதைக் கண்டுபிடித்து, அங்கே கர்சரை வைத்து 'இதை நிரப்புங்கள்' என்று காட்டப் பார்க்கிறது. ஆனால் அந்த டேப் 'டிஸ்ப்ளே நன்' கொடுத்து மறைந்து கிடக்கிறதே, கர்சரை எங்கே வைப்பது? அதனால் ஃபார்மையும் அனுப்பாமல் காரணத்தையும் சொல்லாமல் கல்லு மாதிரி நின்றுவிடுகிறது. குரோமில் எஃப்12 அமுக்கி கன்சோலைப் பாருங்கள், அந்தக் கட்டத்துக்கு ஃபோகஸ் தர முடியவில்லை என்று ஒரு வரி கிடக்கும். மெர்ச்சண்டைசர் கன்சோலையா திறந்து பார்க்கப் போகிறார்?

ஃபார்முக்கு 'நோவேலிடேட்' போட்டு பிரவுசர் தானாகச் சோதிப்பதை நிறுத்திவிட்டு, சேவ் அமுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் 'செக்வேலிடிட்டி' மூலம் நீங்களே சோதியுங்கள். முதலில் தவறுகிற கட்டம் எந்த டேப்பில் இருக்கிறதோ அதைத் திறந்து, பிறகு அந்தக் கட்டத்தின் மேல் 'ரிப்போர்ட்வேலிடிட்டி' கூப்பிடுங்கள், பிரவுசரின் வழக்கமான செய்தி சரியான இடத்தில் வந்து நிற்கும். டேப் தலைப்பிலேயே 'நிட்டிங் 2' என்று எத்தனை கட்டம் பாக்கி என்பதைச் சிவப்பில் காட்டினால் இன்னும் நல்லது. தொல்லையே வேண்டாம் என்று 'ரெக்வயர்ட்' எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுகிறவர்களும் உண்டு. அப்புறம் ஜிஎஸ்எம் இல்லாத ஆர்டர் நிட்டிங்குக்குப் போய் நிற்கும், அதற்கும் திட்டு உங்களுக்குத்தான். சர்வர் பக்கமும் இதே சோதனை ஒருமுறை இருக்கட்டும்.

இத்தோடு விடலாம், ஆனால் ஏழு டேப் என்றதும் எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. டேப் என்பது மறைப்பதற்கான கருவி. ஒன்றைப் பார்க்கும்போது மற்றது கண்ணுக்குத் தேவையில்லை என்றால்தான் அது பொருந்தும். டையிங் பார்க்கிறவருக்கு பேக்கிங் வேண்டாம், அதுவரை சரி. ஆனால் சாயப்பட்டறைக்கு டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போடுகிறவருக்கு நிட்டிங்கில் உள்ள டயாவும் எடையும் வேண்டும், டையிங்கில் உள்ள கலரும் வேண்டும். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு டேப்பில் பார்த்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்த டேப்புக்குப் போகிறாரா? போனால் அந்த இரண்டு டேப்பையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஸ்டைல் நம்பர், மொத்த பீஸ், ஷிப்மெண்ட் தேதி மூன்றும் டேப்புக்கு மேலே எப்போதும் தெரியும்படி நிற்கட்டும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு எடை மேடைக்கு இரண்டு வரிசையாக டேப் அடுக்கி எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த அக்கா மானிட்டர் ஓரத்தில் சீட்டு சீட்டாக ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

கேள்வி: மோட்டார் பம்ப் டெஸ்டிங் ரிப்போர்ட்டில் ஹெட், டிஸ்சார்ஜ் கிராஃப் இரண்டாவது டேப்பில் இருக்கிறது. திறந்தால் வெறும் வெள்ளை. ஜன்னலைச் சின்னதாக்கிப் பெரிதாக்கினால் வந்துவிடுகிறது!
– கோவை வாசகர்

பதில்: மறைந்திருக்கும் பெட்டிக்கு அகலம் பூஜ்யம். பக்கம் திறந்த உடனே கிராஃப் வரையச் சொல்கிறீர்கள், அது பூஜ்யம் அகலத்துக்கு வரைந்து முடித்துவிடுகிறது. அந்த டேப்பை முதல் தடவை திறக்கும்போது வரையச் சொல்லுங்கள், சர்வரிலிருந்து டேட்டாவையும் அப்போதே கொண்டுவரலாம். மேப் வைத்திருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: மஞ்சள் விலை போடும் பக்கத்தில் விரலி, கிழங்கு என்று இரண்டு டேப். கிழங்கு விலையைத் திறந்து வைத்துக்கொண்டு லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்குகிறவருக்கு விரலிதான் திறக்கிறது. ரிஃப்ரெஷ் செய்தாலும் அப்படித்தான்.
– ஈரோடு வாசகர்

பதில்: எந்த டேப் திறந்திருக்கிறது என்பது உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் தெரிகிறது, முகவரிக்குத் தெரியவில்லை. டேப் மாறும்போது 'ரீப்ளேஸ்ஸ்டேட்' மூலம் முகவரியின் கடைசியில் ஹேஷ் போட்டு டேப் பெயரைச் சேருங்கள், பக்கம் திறக்கும்போது அதைப் படித்து அந்த டேப்பைக் காட்டுங்கள். 'புஷ்ஸ்டேட்' போட்டால் ஒவ்வொரு டேப் மாற்றமும் ஹிஸ்டரியில் ஏறும். பத்து தடவை மாற்றிப் பார்த்தவர் வெளியே போக பேக் பட்டனைப் பத்து தடவை அமுக்க வேண்டும், விலை பார்க்கிற பக்கத்துக்கு அது வேண்டாத வேலை.

ஆனால் கேட்கிறேன், இரண்டே ரகத்துக்கு எதற்குங்க டேப்? வருகிறவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தானே வருகிறார். ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுங்கள், பிரிண்ட் எடுத்தாலும் இரண்டும் வரும்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் கண் தெரியாத நண்பர் ஒருவர் என்விடிஏ (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்து வேலை செய்கிறார். நான் செய்த டேப் அவருக்கு வெறும் எழுத்தாகத்தான் கேட்கிறதாம், திறக்கவும் முடியவில்லை.
– கரூர் வாசகர்

பதில்: டிவ்வுக்கு கிளிக் மட்டும் வைத்திருப்பீர்கள். கீபோர்டால் அங்கே போகவே முடியாது. ஒவ்வொரு டேப்பையும் பட்டனாக மாற்றி அதற்கு 'டேப்' என்ற ரோல், சுற்றியுள்ள பெட்டிக்கு 'டேப்லிஸ்ட்', உள்ளடக்கத்துக்கு 'டேப்பேனல்' கொடுங்கள். திறந்திருப்பதற்கு 'ஏரியா-செலக்டட்' (aria-selected) ட்ரூ, மற்றவைக்கு ஃபால்ஸ். கீபோர்டின் டேப் கீ (பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல) திறந்திருக்கும் டேப்பில் மட்டும் நின்று, அடுத்த அமுக்கில் உள்ளடக்கத்துக்குப் போக வேண்டும். அதற்குத் திறந்ததற்கு 'டேப்இண்டெக்ஸ்' 0, மற்றவைக்கு -1. பக்கத்து டேப்புக்குப் போக இடது, வலது அம்புக்குறி. இந்த நடைமுறையை வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஏரியா (ARIA) வழிகாட்டியில் உதாரணக் குறியீட்டோடு போட்டிருக்கிறார்கள்.

என்விடிஏ இலவசம்தான், உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு மூன்றாவது டேப்பைத் திறந்து பாருங்கள். அப்புறம் அந்த நண்பரையே கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.