பிறந்த குழந்தைக்கு ஃபோட்டோ ஷூட்: மூன்று மணி நேரமும் என்னதான் நடக்கும்?

கேள்வி: அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். குழந்தை பிறந்து பத்து நாளுக்குள் ஃபோட்டோ ஷூட் எடுத்துவிட வேண்டும், இப்போதே முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். மூன்று மணி நேரம் ஆகுமாம். பச்சைக் குழந்தை அவ்வளவு நேரம் தாங்குமா? மோவாய்க்குக் கீழே கைகளை வைத்துத் தூங்கும் படங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பாதியில் அழுதால் பணம் வீண்தானா?

பதில்: அந்த மூன்று மணி நேரத்தில் கேமரா வேலை செய்கிற நேரம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பால் கொடுப்பது, ஏப்பம் வரவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது. விழித்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. குழந்தையைப் பொறுத்தவரை அது வீட்டில் கழியும் ஒரு காலைப் பொழுதுதான். 'ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்' என்பவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அழுகிற பிள்ளையைப் பால் குடிக்க விடாமல் போஸ் வைக்கிற அவசரம் அங்கேதான் வரும்.

அறை நன்றாகச் சூடாக இருக்கும், 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை. துணியில்லாத குழந்தையின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அப்படி. உங்களுக்கு வியர்க்கும், மெல்லிய உடையில் போங்கள். ஆனால் ஹீட்டர் குழந்தையின் மேல் நேராக அடிக்கக் கூடாது. கை கால் எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாமல் பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் சூடு அதிகம். தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நீங்கள் பயப்படும் அந்தப் போஸ். அதை 'ஃப்ராகி' என்பார்கள். பிறந்த குழந்தையின் தலை மட்டும் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு; அதைத் தாங்கும் பலம் கழுத்துக்கு இன்னும் வரவில்லை. அப்படியென்றால் படத்தில் எப்படி? அது ஒரு படமே இல்லை. உதவியாளர் தலையைப் பிடித்திருக்க ஒரு படம், மணிக்கட்டைப் பிடித்திருக்க இன்னொரு படம், இரண்டையும் கணினியில் சேர்த்து உதவியாளரின் கைகளை அழித்துவிடுகிறார்கள். துணித் தூளியில் தொங்குவது போன்ற படங்களும் பெரும்பாலும் இதே வித்தைதான். முன்பதிவுக்கு முன்னால், 'எடிட் செய்யாத படத்தைக் காட்டுங்கள், கை எங்கே இருக்கிறது பார்க்கிறேன்' என்று கேளுங்கள். முறையாகச் செய்பவர் மகிழ்ச்சியாகக் காட்டுவார். 'எங்களுக்குக் கையே தேவையில்லை, அவ்வளவு அனுபவம்' என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அழுகையை அடக்க ரப்பர் காம்பில் தேன் தொட்டு வைப்பவர், தூங்கவைக்க இருமல் மருந்து கேட்பவர், இவர்களிடமும் அப்படியே. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கார் ஓட்ட உரிமம் வேண்டும். பிறந்து எட்டு நாளான பிள்ளையை வளைத்துப் படமெடுக்கப் பெரும்பாலும் கேமரா ஒன்று போதும், எந்தத் தேர்வும் கிடையாது. இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை, பல வருடமாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் சோதிக்கும் வேலையும் உங்கள் தலையில்தான்.

இந்த ஓட்டையில் புகுந்தவர்கள்தான் ஷூட்டுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்டுகள். பிரசவ வார்டிலேயே கார்டோடு வந்து நிற்பார்கள். 'ஷூட் இலவசம்' என்பார்கள். ஆமாம், ஷூட் இலவசம்தான், படங்கள் இலவசமில்லை. தூக்கமில்லாமல் கலங்கியிருக்கும் தாயைத் திரை முன்னால் உட்காரவைத்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டி, வாங்காத படங்கள் அழிக்கப்படும் என்பார்கள். எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அதிலும் பணம் வாங்குகிறவர் ஒருவர், குழந்தையைத் தொடுகிறவர் வேறொருவர். எனவே குழந்தையை யார் கையாளப்போகிறார், எத்தனை படம், டிஜிட்டல் கோப்பு அந்தக் கட்டணத்திலேயே சேர்த்தியா, உங்களைக் கேட்காமல் விளம்பரத்தில் போடுவார்களா, தேதி மாறினால் முன்பணம் என்னாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். டாக்டர் குறித்த தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். நாள் குறித்து முன்பணத்தைப் பூட்டுகிறவருக்கு இது நன்றாகவே தெரியும்.

பத்து நாள் கணக்கில் உண்மை இல்லாமலில்லை. முதல் இரண்டு வாரம் குழந்தை ஆழ்ந்து தூங்கும், வயிற்றுக்குள் இருந்த மாதிரியே சுருண்டுகொள்ளும். அப்புறம் முகத்தில் பரு வரும், வாயு வரும், தூக்கம் குறையும். அவ்வளவுதான், பதினைந்தாம் நாள் கதவு சாத்திவிடுவதில்லை.

ஆனால் குறைமாதத்தில் பிறந்தால் இந்தக் கணக்கையே மறந்துவிடுங்கள். ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து பத்து நாள் எண்ணக் கூடாது, டாக்டர் முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு வந்தாலும் அவசரம் வேண்டாம். குழந்தை டாக்டர் சரி என்று சொல்லட்டும். அப்போதும் சுருட்டி வைக்கிற போஸ் எதுவும் வேண்டாம். மோவாய் நெஞ்சில் இடித்தாலே மூச்சுப்பாதை மடங்கக்கூடிய வயது அது. குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் எளிதாக மடங்கும். மல்லாக்கப் படுக்கவைத்தோ உங்கள் கையில் வைத்தோ எடுத்தால் போதும். ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போகாமல் படமெடுப்பவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சளியோ இருமலோ இருந்தால் வர வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சங்கடம் பார்க்காதீர்கள்.

அழுகைக்கு வருகிறேன். அழும், நிச்சயம் அழும். வேலை தெரிந்த கலைஞர் அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்கியிருப்பார். எந்தப் போஸுக்கும் சம்மதிக்காத பிள்ளையைத் துணியில் சுற்றி அப்பா கையில் கொடுத்துவிடுவார், பல வீடுகளில் கடைசியில் சுவரில் மாட்டுவது அந்தப் படத்தைத்தான். டயப்பரும் துணியும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்துப்போங்கள். உங்கள் கணவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை. டயப்பர் இல்லாமல் நெஞ்சில் சாய்த்து எடுக்கும் படம் எப்படியும் ஒன்று இருக்கும்.