ஏரித்தீவில் ஒருநாள் நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காலை 10.30-க்குப் படகு எங்களைத் தீவில் இறக்கிவிடும். கடைசிப் படகு மாலை 4.00-க்கு. உச்சிக்குப் போய்வர 8 கி.மீ., ஏற்றம் 360 மீட்டர் என்கிறார்கள். பத்து வயதுப் பையனும் வருகிறான். நேரம் போதுமா?

பதில்: போதும். ஆனால் கையில் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 3.30-க்கே படகுத்துறைக்கு வந்துவிட வேண்டும். கடைசிப் படகில் எல்லோரும் ஏறப் பார்ப்பார்கள், வரிசை நீளும். காற்று ஏறினால் படகுக்காரர் சீக்கிரமே கிளம்பச் சொல்லலாம். ஆக உங்களுக்கு இருப்பது ஐந்து மணி நேரம்தான்.

நடைக்கு ஆகும் நேரத்தை, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை வைத்தே போடலாம். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் ஏற 84 நிமிடம், இறங்க 48 நிமிடம் வரும். இது எங்கும் நிற்காமல் நடக்கும் தேர்ந்த கால்களுக்கான கணக்கு. பையனோடு போவதால் ஒன்றரை மடங்காக்குங்கள்: ஏற 2 மணி 6 நிமிடம், இறங்க 1 மணி 12 நிமிடம். அப்படியென்றால் 12.36-க்கு உச்சி. சாப்பாட்டுக்கும் படம் எடுக்கவும் 40 நிமிடம் கொடுத்தால்கூட 2.30-க்குத் துறைக்கு வந்துவிடலாம்.

இதையெல்லாம்விட முக்கியம், திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்வது. 3.30-லிருந்து இறங்கும் நேரத்தையும், கால் பிசகினாலோ வழி தவறினாலோ கைகொடுக்க அரை மணி நேரத்தையும் கழித்தால், 1.48 வருகிறது; 1.45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1.45 ஆனதும், உச்சி கண்ணெதிரே இருந்தாலும், திரும்பிவிடுங்கள். "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்பது மேலே ஏற ஆகும் நேரம் மட்டுமே. இறங்குவதற்கான பத்து நிமிடத்தை அந்த நேரத்தில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

கேள்வி: போகும்போது கண்ணாடி மாதிரி இருந்த ஏரி, திரும்பும்போது படகைத் தூக்கிப் போட்டது. மழையும் இல்லை, புயலும் இல்லை. ஏன் இப்படி?

பதில்: வெயில் செய்த வேலை. வெயில் ஏற ஏற நிலம் வேகமாகச் சூடாகிறது, தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழும்ப, ஏரியின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசும். மலைகள் சூழ்ந்த ஏரி என்றால், சரிவுகளில் மேலேறும் காற்றும் சேர்ந்துகொள்ளும். பெரிய ஏரிகளில் இது பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்தைத் தொட்டு, சாயங்காலம் அடங்கும். நாம் திரும்பும் நேரமும் அதுதான்.

அலையின் உயரத்தைக் காற்றின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு நேரமாக வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வருகிறது என்பதும் சேரும். அதனால் நீண்ட ஏரியில் நெடுக்குவாட்டில் காற்று அடித்தால், அது போய் முட்டும் கோடியில் அலை பெரிதாக இருக்கும். ஏரி அலை கடல் அலை அளவுக்கு உயராது. ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது படகின் மூக்கில் அறையும். சிறிய படகு அதிகம் குலுங்குவது அதனால்தான்.

இறங்கும் முன் படகுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: "காற்று மாறினால் எங்கே வந்து ஏற்றுவீர்கள்?" காற்று நேராக அடிக்கும் பக்கத்துத் துறையில் படகை அணைக்க முடியாது; தீவின் மறுபக்கம் அமைதியாக இருக்கும், அங்கே வரச் சொல்லலாம். அந்த மறுபக்கத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கேள்வி: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். கோடையில்கூட லைஃப் ஜாக்கெட் போடத்தான் வேண்டுமா?

பதில்: போடத்தான் வேண்டும். கரையோரம் கால் நனைத்துப் பார்த்துவிட்டு "தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது" என்று சொல்வதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஆழமான ஏரிகளில் கோடையில் சூடாவது மேலடுக்கு மட்டும்தான். காற்று அந்த அடுக்கை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். நேற்றுக் குளித்த இடம் இன்று நடுக்கும்.

15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால், முதல் நொடியிலேயே மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது; அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காமல் போகலாம். நீச்சல் தெரிந்தும் மூழ்குவது இதனால்தான். அந்த ஒரு நிமிடம் தலையை மேலே தாங்கிப் பிடிப்பது ஜாக்கெட்டின் வேலை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க: எல்லா வார்களையும் இறுக்கிவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் முகவாய்க்கும் காதுக்கும் ஏறினால் அளவு பெரிது, அல்லது வார் தளர்வு. குழந்தைகளுக்கு, கால்களுக்கு நடுவே வரும் வாரையும் மாட்டியே ஆக வேண்டும். முதுகுப்பையைப் படகில் மாட்டிக்கொள்ளாமல் காலடியில் வையுங்கள்.

கேள்வி: படகில் ஏறி இறங்கும்போதுதான் எனக்குப் பயம். வழி உண்டா?

பதில்: உண்டு. குதிக்காதீர்கள்; பையை முதலில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுங்கள். விளிம்பில் மிதித்தால் படகு சாயும், அதனால் நடுவில் கால் வையுங்கள். அலையில் படகு மேலே வந்து துறைமேடைக்குச் சமமாக நிற்கும் கணத்தில் எட்டு வையுங்கள். படகுக்கும் மேடைக்கும் நடுவே கையோ காலோ ஒருபோதும் போகக் கூடாது. விரல் நசுங்குவது அங்கேதான்.

கேள்வி: ஏரித் தண்ணீரையே காய்ச்சிக் குடிக்கலாமா? பாட்டில் சுமை குறையுமே.

பதில்: தெளிந்த நீர் என்றால், நன்றாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு 1 நிமிடம் காய்ச்சினால் கிருமிகள் சாகும், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். ஆனால் கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு மிதந்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி விடும் நஞ்சு காய்ச்சினாலும் போகாது. ஒருநாள் நடைக்குக் கொண்டுபோவதே மேல்: மணிக்கு அரை லிட்டர், ஆறு மணி நேரத்துக்கு ஆளுக்கு 3 லிட்டர்.

கேள்வி: அமெரிக்காவின் கிரேட்டர் லேக்கில் உள்ள விசார்ட் தீவில் நடக்க ஆசை. கடினமா?

பதில்: தீவைவிட அதிகம் களைப்பூட்டுவது கரை. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்து உள்ளே சரிந்ததில் உருவான ஏரி இது. தீவு, அதற்குள் பின்னால் எழுந்த சிறு எரிமலைக் கூம்பு. உச்சி நீர்மட்டத்திலிருந்து சுமார் 230 மீட்டர், மேலே எரிமலை வாய் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். பாதை கூரான எரிமலைக்கற்கள் மேல் போவதால் கணுக்காலை மூடும் ஷூ நல்லது.

படகுத்துறைக்கு இறங்கும் கிளீட்வுட் கோவ் பாதை 1.8 கி.மீ.தான், ஆனால் இறக்கம் 200 மீட்டருக்கு மேல். தீவில் ஏறி இறங்கி, படகில் உட்கார்ந்து கால் மரத்த பிறகு அத்தனையும் ஏற வேண்டும். ஏரியே கடல்மட்டத்திலிருந்து 1,880 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சும் வாங்கும். இந்தப் பாதையையும் துறையையும் பழுதுபார்க்க 2026 முதல் சில பருவங்களுக்கு மூடுவதாகப் பூங்கா நிர்வாகம் அறிவித்திருக்கிறது. திறந்தாயிற்றா என்று பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: தீவு 2 கி.மீ.தான். கயாக் வாடகைக்கு எடுத்து நாங்களே போகலாமா?

பதில்: அனுபவம் இருந்தால் போகலாம், அதுவும் விடிந்ததும். புதியவர் கணக்கில் 2 கி.மீ.க்கு அரை மணி நேரம் ஆகும். எதிர்காற்றில் அது இரட்டிப்பாகும். அலை முகட்டில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தாலே கிளம்ப வேண்டாம். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நாளில் இன்னும் கவனம்: கரையோரம் சலனமே இல்லாமல் இருக்கும், நடுவில் போனதும்தான் குணம் காட்டும். தீவில் இறங்கியதும் கயாக்கை நீர்விளிம்பிலிருந்து நன்றாக மேலே இழுத்து, மரத்தில் கட்டுங்கள்.

கேள்வி: கடைசிப் படகைத் தவறவிட்டால்?

பதில்: துறையைவிட்டு நகராதீர்கள்; தேடி வருபவர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள். படகு நிறுவனத்தின் எண்ணைக் காலையிலேயே போனிலும் ஒரு தாளிலும் எழுதி வைத்திருங்கள். சிக்னல் இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. மலைப்பகுதிகளில் இது ஆபத்துக் குறி. மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று பொருள். அக்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறதே என்று நீந்த இறங்காதீர்கள். தண்ணீர் மேல் தூரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் நாயையும் கூட்டிப் போகலாமா?

பதில்: பல தீவுகளில் அனுமதி இல்லை, காரணமும் வலுவானது. சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் அங்கே நுழைந்ததும், 1982-இல் எஞ்சியவை 14. இன்று அங்கே நாயைப் படகைவிட்டு இறக்க முடியாது, படகிலேயே வைத்திருக்கவும் முடியாது.