முடியாதுப்பா!

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒரு வருடமாகக் கைப்பேசியில் ஒரே விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறான். “எப்போதுடா முடியும்?” என்று கேட்டால், “இது முடியாதுப்பா” என்கிறான். இந்த மாதிரி விளையாட்டுகளை அரசே தடை செய்துவிட்டால் என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தடையைப் பற்றி அரசிடம் கேளுங்கள். எனக்கு உங்கள் பையனின் ‘முடியாதுப்பா’தான் பிடித்துப்போய்விட்டது. எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான்.

முடியாத ஆட்டம் புதிதல்ல. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு படையைச் சுட்டு வீழ்த்தினால் அடுத்த படை இறங்கும். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அதை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகாடோ திட்டம் போட்டு வைத்த வேகமல்ல அது. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் சிப்புக்கு வேலை குறைந்து, மற்றவை ஓட ஆரம்பித்தன. நன்றாயிருக்கிறதே என்று மனிதர் அப்படியே விட்டுவிட்டார். புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் 1980-இன் பேக்மேனுக்கும் யாரும் முடிவு எழுதவில்லை. ஆனால் கட்டங்களை, அதாவது லெவல்களை, எண்ணும் இடத்தில் 255-க்கு மேல் எண் கொள்ளாது. 256-ஆவது கட்டத்தில் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குறியுமாகக் குப்பை கொட்டிவிடும். தின்று தீர்க்கப் போதுமான புள்ளிகள் இருக்காது. ஆட்டம் அத்தோடு சரி.

ஆனால் அவை காசு போட்டு ஆடும் பெட்டிகள். ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். ஆளை வெளியே தள்ளுவதில் அவற்றுக்கு லாபம். உங்கள் மகன் கையிலிருப்பது காசு கேட்காமல் உள்ளே விட்டிருக்கும். வெளியே விடாமல் இருப்பதில்தான் அதற்கு வரும்படி. தினமும் வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் சேர்த்த தொடர்ச்சி அறுந்துபோகும். அடுத்த ஆட்டத்துக்கு நாலு மணி நேரம் காத்திரு. காத்திருக்கப் பொறுமையில்லையா, பணம் கட்டு.

‘தொடரும்’ போட்டு வாசகரை வாரக் கணக்கில் தொங்கவிட்ட கூட்டத்தைச் சேர்ந்த நான் இதைக் குறை சொல்லலாமா என்று யாராவது எழுதுவார்கள். அந்தத் தொடர்கதை எழுத்தாளர்களோடு எனக்குள்ள தகராறு ஊரறிந்தது. கதாநாயகியை மாடிப்படியில் ஏறவிட்டு எட்டு வாரம் ஆகியும் மாடிக்குக் கொண்டுபோகாதவர்கள் அவர்கள். இருந்தாலும் நம் ‘தொடரும்’ ராத்திரி இரண்டு மணிக்கு வாசகரை எழுப்பி, “கதாநாயகி உங்களுக்காகப் படியிலேயே நிற்கிறாள்” என்று சொன்னதில்லை.

இந்த வியாபாரத்தைக் கிண்டல் செய்ய இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2010-இல் ஃபேஸ்புக்கில் ஒரு விளையாட்டு விட்டார். பெயர் கவ் கிளிக்கர். திரையில் ஒரு மாடு. அதை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அழுத்தலாம். அவ்வளவுதான். பால் கிடையாது, கன்று கிடையாது. காத்திருக்க முடியாதவர்கள் காசு கொடுத்து உடனே அழுத்தலாம். சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தார். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சிரத்தையாக மாட்டை அழுத்தினார்கள், காசும் கொடுத்தார்கள். மனிதர் வெறுத்துப்போய் 2011-இல் மாடுகளையெல்லாம் மாயமாக்கினார். மாடு நின்ற வெற்றுத் தரையைச் சிலர் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். மாடு போன பிறகு ஆட்டத்தில் சுவாரஸ்யமே இல்லை என்று ஒருவர் குறைபட்டபோது, முன்பு மட்டும் என்ன இருந்தது என்று கேட்டாராம் போகோஸ்ட்.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ சூதாட்டச் சட்டத்தை மீறுகிறது என்று 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சொன்னது. நல்ல காரியம். பெட்டியைத் தடுத்துவிடலாம். இல்லாத மாட்டை அழுத்துகிறவனை எந்தச் சட்டப் பிரிவில் பிடிப்பது?

எனக்கு வேறொரு வருத்தம். முடிகிற விளையாட்டின் கடைசியில், செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடும். முடியாத விளையாட்டில் அது எங்கே ஓடும்? செட்டிங்ஸின் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும், கிடந்தால் உண்டு. ஒரு வருடமாக ஆடுகிற பையனுக்கு அதைச் செய்தவர் ஒருவர் பெயராவது தெரியுமா, கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடாத பதிப்பாளர்களோடு நான் மல்லுக்கட்டுவது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. அன்றைய வீடியோ கேம் கம்பெனியான அட்டாரியும் அந்த ரகம்தான். விளையாட்டைச் செய்தவருக்குப் பெயரும் கிடையாது, ராயல்டியும் கிடையாது. பொறுக்க முடியாத நாலு பேர் 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, செய்தவர் பெயரைப் பகிரங்கமாகப் போட்டார்கள்.

அதே அட்டாரியில் வேலை பார்த்த வாரன் ராபினெட் வேறு வழி கண்டார். தான் தனியாளாகச் செய்த அட்வென்சர் விளையாட்டுக்குள் ஓர் ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புள்ளி ஒன்றைத் தேடி எடுத்துச் சென்றால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிர்வாகத்துக்கே விஷயம் தெரிந்தது. பெயரை நீக்கலாமா என்று யோசித்தார்கள். அதற்காகும் செலவைப் பார்த்ததும், ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் தேடியெடுக்க ஒளித்துவைக்கும் முட்டையைப் போல அதற்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்று பெயர் வைத்து, ரசிகர்களுக்கான விருந்து என்று சொல்லிக்கொண்டார்கள்.